கோயில் தோட்டத்து ஒற்றி

"படுங்கோ! படுங்கோ!"

படுக்கிறோம். முகம் மணலில். வாயிலும் மணல். கடல் பக்கமிருந்து வருகிறது. முதலில் ஒரு 'டுப்'. அது கப்பலில். பிறகு கூவுகிற சத்தம். கூவல் நீண்டால் தலைக்கு மேலால் போகிறது. பாதியில் நின்றால் எங்களுக்கு. அந்தக் கிழமையில் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்துவிட்டது.

நிற்கிறது.

தொண்ணூறாம் ஆண்டு. அந்தோனியார் திருநாள் முடிந்து அடுத்த கிழமை. காலை. மன்னார்க் கரையில் எங்கள் ஊர். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் யாராவது வந்து, அப்படி நடக்கவில்லை என்பார்கள். வழக்காட எனக்குத் தெம்பில்லை. சனம் எல்லாம் கோயிலுக்குள்ளும் கோயில் தோட்டத்திலும் கிடக்கிறது. கோயில் என்றால் மாதா கோயில். தோட்டம் என்றால் அதன் பின்னால் இருந்த தென்னந்தோட்டம்.

எழும்புகிறேன். காது அடைத்துவிட்டது. கோயில் கூரை இல்லை. இருந்த இடத்தில் சிவப்புத் தூசி நிற்கிறது. ஓட்டுத் துண்டுகள் இன்னும் விழுகின்றன. மகள் அனித்தா பக்கத்தில் குப்புறக் கிடக்கிறாள். படுக்கச் சொன்னதும் படுத்தவள். நாலு வயதில் அவ்வளவு சொல்வழி கேட்பவள். அவள் கையைப் பிடித்திருக்கிறேன். கை சூடாக இருக்கிறது. அதனால் எனக்கு விளங்கவில்லை.

பிலோமினா அக்காதான் விளங்கப்படுத்தினார். "கையை விடு பிள்ளை. விடம்மா."

பிலோமினா அக்கா சம்மாட்டியின் மனைவி. சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக உள்ளவர். மற்றவர்கள் அவரிடம் தொழிலுக்குப் போவார்கள். எங்கள் ஊருக்கு ஒரே சம்மாட்டி. மூன்று வள்ளம். மீன் பதப்படுத்த ஒரு வாடி. கொழும்புக்குப் போய்வர ஒரு லொறி. அவருக்கும் ஞானஸ்நானப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை.

அக்கா தன் வெள்ளைச் சீலையைக் கிழித்து மகளைச் சுற்றினார். சவக்காலை இருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஆமி. ஆகவே தோட்டத்திலேயே புதைத்தோம். மண்வெட்டி போதாது. ஆண்கள் மாறி மாறி வெட்டினார்கள். சிலுவை செய்யப் பலகை இல்லை. மரத்தை அடையாளம் வைத்தோம். இன்னார் இந்த மரத்தடி. என் மகள் கிணற்றிலிருந்து வடக்கே மூன்றாவது மரம்.

சம்மாட்டி கிணற்றுக் கட்டில் ஏறி நிற்கிறார். மண்வெட்டி பிடிக்கவில்லை. கத்துகிறார்.

"வேரிலை படாமல் கிண்டுங்கோ! வேரை அறுக்காதேங்கோ!"

என் பிள்ளை மண்ணுக்குள் போகிறாள். இந்த மனிதருக்குத் தென்னை வேர். அந்த நிமிடமே அவரை வெறுத்தேன். பிறகும் வருடக்கணக்கில் வெறுத்தேன். வெறுப்பு உதவியாக இருந்தது. அழுவதைவிட அதில் களைப்புக் குறைவு.

அவருக்கு ஏன் வேர் என்பதைச் சொல்லவேண்டும். சண்டைக்கு முந்திய ஒரு மாரியில் கோயில் கூரை ஒழுகியது. சுவாமியார் சம்மாட்டியிடம் கடன் கேட்டார். கொடுத்தார். வட்டி இல்லை. கோயிலிடம் வட்டி வாங்கினால் சனம் காறித் துப்பும். பதிலாகத் தோட்டத்தை ஒற்றிக்குப் பிடித்தார். ஒற்றி எங்கள் பக்கத்துப் பழைய முறை. கடன் கொடுத்தவர் காணியை ஆளுவார். காய் அவருக்கு. ஓலை அவருக்கு. மண் மட்டும் கோயிலுக்கு. முதல் பணத்தைக் கொடுத்தால் காணி திரும்பும். அதுவரை அவர் ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. மரம் பட்டுப்போனால் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

ஷெல் கூரையைக் கொண்டுபோனது. கூரைக் கடன் அப்படியே நின்றது. கடனில் ஷெல் படுவதில்லை.

இரண்டாம் நாள் விடியப்புறம் வள்ளம் ஏறினோம். சம்மாட்டியின் வள்ளம். சும்மா ஏற்றவில்லை. என் சங்கிலியைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்தார். எண்ணெய் கிடைக்காத காலம் என்றார். இருக்கலாம். இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றது. மூன்றாம் தரம் பிடித்தது. பிலோமினா அக்கா ஏறவில்லை. கரையில் நின்று கத்தினார்.

"ஆராவது நிக்கோணும்! ஒற்றிக் காணியை விட்டிட்டுப் போனா ஆட்சி போயிடும்! நீங்கள் போங்கோ!"

ராமேஸ்வரம். மண்டபம் முகாம். அங்கே ஒரு வருடம். என் கணவர் சண்டைக்கு முன்னரே இத்தாலிக்கு, சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்தவர். துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற வேலை. அவர் காசு கட்டி என்னைக் கூப்பிட்டார். வந்த வழியை இங்கே எழுதவில்லை. ஒரு கதைக்கு ஒரு கடல் போதும். பலேர்மோவின் ஒரேத்தோத் தெருவில் அவர் பிடித்திருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சுவரில் மகளின் படம். அவர் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது மூன்று வயது. "எந்த இடத்திலை?" என்று கேட்டார். "கிணத்திலையிருந்து வடக்காலை மூண்டாவது மரம்" என்றேன். அவர் கண்ணை மூடினார். அந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தவர். 

வேலை கிடைத்தது. பழைய நகரத்தில், நாலாம் மாடியில், ஒரு சிஞ்ஞோரா, எங்கள் பேச்சில் அம்மணி. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எண்பதுக்குக் கிட்ட. இடுப்பு முறிந்து உள்ளே இரும்பு வைத்திருந்தது. குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது என் வேலை. மிச்ச நேரம் அவர் கதைப்பார். நான் காய்கறி நறுக்குவேன். நல்ல மனுசி. களைப்பாக்குகிற மனுசி. இரண்டும் உண்மை.

தொண்ணூற்றிரண்டு, ஆடி. ஞாயிறு பின்னேரம். ஐந்து மணி ஆகவில்லை. வெயில். நகரம் முழுக்கக் கடற்கரையில். சிஞ்ஞோராவின் மகளும் கடற்கரைக்குப் போனதால் அன்றும் நான் வேலையில்.

சத்தம். ஒரே ஒரு சத்தம். 'டுப்' இல்லை. கூவல் இல்லை. நேரே வெடி. யன்னல் கண்ணாடி நடுங்கியது. கோப்பைகள் தட்டில் ஆடின. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. சிஞ்ஞோரா சொல்லித்தான் தெரியும். "படுங்கோ! படுங்கோ!" என்று தமிழில் கத்தியிருக்கிறேன். இரும்பு இடுப்போடு அவரை இழுத்து மேசைக்குக் கீழே தள்ளியிருக்கிறேன். அவர் மேல் படுத்திருக்கிறேன். அவர் வலியில் கத்தியும் விடவில்லையாம்.

நகரத்தின் இன்னொரு பக்கத்தில் காரில் வைத்த குண்டு. ஒரு நீதிபதியும் அவரைக் காவல் காத்தவர்களும் செத்துப்போனார்கள். நாள் முழுக்கச் சைரன். இங்கேயும் இது உண்டா என்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும்.

மேசைக்குக் கீழே இருந்தபடியே சிஞ்ஞோரா கேட்டார். "முன்பு எங்கே கேட்டாய் இந்தச் சத்தத்தை?" சொன்னேன். என் சமையலறை இத்தாலியனில். ஷெல். கூரை. கடன். தோட்டம். மகள். ஒற்றிக்கு இத்தாலியன் தெரியவில்லை. "காசு கொடுத்தவன் பழம் தின்பான். மண் கோயிலுக்கு" என்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஆக்ரி!" என்றார்.

ஆக்ரி ஒரு பட்டினம். வேதாகமத்தில் அக்கோ என்று வரும். புனித பூமியின் கடற்கரை. ஐரோப்பாவிலிருந்து போன சிலுவைப் போர்க்காரர்கள் ஒரு காலத்தில் அதை ஆண்டார்கள். அங்கே செய்த காணி வியாபாரம்தான் சிஞ்ஞோராவின் படிப்பு. ஆயுள் முழுக்க அதுதான். வெனிஸ், ஜெனோவா, பீசா, மெஸ்ஸீனா என்று ஒவ்வொரு ஊர் வியாபாரியும் அங்கே தெரு பிடித்திருந்தான். கோயில்களுக்கு நிலம் உண்டு, கையில் காசு இல்லை. கூரை போட, மதில் கட்ட, பிடிபட்டவர்களை மீட்க ஆயர்கள் வியாபாரிகளிடம் போனார்கள். வட்டி வாங்குவது பாவம். ஆகவே அடுப்புச் சூளை, மாவரைக்கும் ஆலை, கரும்பு வயல், பழத்தோட்டம் என்று வியாபாரிகள் பிடித்து ஆண்டார்கள். பழம் தின்பது வட்டி இல்லையாம்.

"எங்கடை சம்மாட்டியைப் போல" என்றேன். சிஞ்ஞோராவுக்கு அது மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகு ஆக்ரியின் வியாபாரிகளை எல்லாம் சம்மாட்டி என்றே சொல்வார். சொல்லும்போது சிசிலியன் சொல் மாதிரி வாய் நிறையச் சொல்வார். அவரிடமிருந்து கேட்க எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் கொஞ்சம் குற்றமாகவும் இருக்கும்.

அவருக்குச் செல்லமான ஒரு சம்மாட்டி இருந்தான். மெஸ்ஸீனாக்காரன். மதிலுக்கு வெளியே ஒரு கோயிலின் தோட்டத்தை ஈடு பிடித்தவன். அத்தி மரம். எலுமிச்சை. ஒரு கிணறு. வருடா வருடம் பழம் விற்றான். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்றில் எகிப்துச் சுல்தானின் படை வந்தது. கல் எறியும் இயந்திரங்கள். நகரம் எரிந்தது. துறையில் கப்பல் குறைவு. ஏறுவதற்குப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். சில கப்பல்காரர் அன்றே பணக்காரரானார்கள்.

"எனக்குத் தெரியும் சிஞ்ஞோரா. சங்கிலி" என்று கழுத்தைக் காட்டினேன்.

அந்த வியாபாரி தப்பி வந்தான். உடுப்புக்குள் தோட்டத்துப் பத்திரம். நகரம் இல்லை. கோயில் இல்லை. ஆனால் பத்திரம் இருந்தது. அவன் மகன் அதைப் பலேர்மோவில் ஒருவனுக்கு விற்றான். அவன் ஒரு மடத்துக்கு விற்றான். மடம் இன்னொருவனுக்கு. இரண்டு தலைமுறை இந்தத் தீவில் அந்தத் தோட்டம் கை மாறியது. ஒருவர்கூட அந்த மரங்களைக் கண்ணால் பார்க்கவில்லை.

"ஏன் வாங்கினவை?"

"அடுத்த வருடம் திரும்பிப் போவோம் என்று எல்லாரும் நம்பினார்கள்."

இதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. வேறு ஒன்று கேட்டேன். அந்தத் தோட்டத்தில் யாரைப் புதைத்திருந்தார்கள்? அவர் கண்ணாடியைக் கழற்றினார். பத்திரம் மரத்தைச் சொல்லும், கிணற்றைச் சொல்லும், நாலு எல்லையைச் சொல்லும், அதை ஒருபோதும் சொல்லாது என்றார். தான் அதைத் தேடியதும் இல்லை என்றார். அன்று முழுக்க அதிகம் கதைக்கவில்லை. எனக்கு வீட்டு வேலை சீக்கிரம் முடிந்தது.

தொண்ணூற்றுமூன்றில் எங்கள் சம்மாட்டியும் பலேர்மோவுக்கு வந்தார். மூன்று வள்ளமும் போய்விட்டன. ஒன்று எரிந்தது. ஒன்று பறிபோனது. ஒன்று மண்டபத்தில் கறள் பிடித்துக் கிடந்தது. பல்லாரோச் சந்தையில் ஒரு மீன் கடையில் அவருக்கு மீன் துப்புரவாக்குகிற வேலை. கூறு போட்டு விற்ற கை, இப்போது சூடை மீனுக்குக் குடல் எடுக்கிறது. ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருவார். பின் வாங்கில் இருப்பார். நான் முன் வாங்கில் இருப்பேன். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.

தொண்ணூற்றைந்து, தை. சண்டை நிற்கிறது என்கிறார்கள். சமாதானம் வருகிறது. சமாதானத்தோடு முதலில் வந்தவர்கள் காணி வாங்குகிறவர்கள். ஊரிலிருந்து சுவாமியார் தொலைபேசி எடுத்தார். கொழும்பு முதலாளி ஒருவர் இறால் வளர்க்கக் கரை தேடுகிறார். கோயில் தோட்டம் பிடித்திருக்கிறது. சம்மாட்டியிடம் ஒற்றியை நல்ல விலைக்கு வாங்கப் போகிறார். பிறகு காணியையும் எழுதச் சொல்லிக் கோயிலை நெருக்குவார். கோயிலிடம் மீட்கக் காசில்லை. கூரை போடவே இல்லை.

"இறாலுக்குக் குளம் வெட்டுவாங்கள், பிள்ளை" என்றார் சுவாமியார். "ஆள் ஆழத்துக்கு. முழுக்காணியும்."

ரிசீவரை வைத்தேன். என் மகளை வெட்டி எடுத்து அந்தக் குழிக்குள் கடலை விடப்போகிறார்கள். எனக்கு அப்படித்தான் கேட்டது. கணவரிடம் சொன்னேன். அவர் வேலைக்குப் போட்ட சப்பாத்தைக் கழற்றிவிட்டு அப்படியே இருந்தார். அன்று கப்பலுக்குப் போகவில்லை. வந்த நாள் தொடக்கம் அவர் வேலைக்குப் போகாத ஒரே நாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிய, பங்கு மண்டபத்தில் ஊர்ச்சனம் கூடினோம். முன்பு சம்மாட்டி வந்தால் ஆண்கள் எழும்புவார்கள். அன்று கதிரையை இழுத்துப் போடக்கூட ஆளில்லை. அவராக ஒன்றை இழுத்தார். கதிரைக் கால் தரையில் கிறீச்சிட்டது.

"எனக்கும் விருப்பமில்லை" என்றார். "மனுசியைக் கூப்பிடோணும். விசாவுக்குப் பொலிஸ் குவெஸ்தூராவிலை வீட்டைக் காட்டு, சம்பளத்தைக் காட்டு எண்டு நிக்கிறாங்கள். நான் ஆறு பேரோடை ஒரு அறையிலை கிடக்கிறன். எதைக் காட்ட?"

நியாயம்தான். அது எனக்கு இன்னும் எரிச்சல். சிஞ்ஞோரா சொல்லிக் கொடுத்ததை எடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் திருச்சபை ஒரு சட்டம் போட்டது. பிடித்தவன் தின்ற பழத்தைக் கடனில் கழிக்கவேண்டும். கழித்துக் கழித்துக் கடன் தீரும். இத்தனை வருடம் நீங்கள் எடுத்த தேங்காயைக் கழியுங்கள் என்றேன்.

"ஆர் எடுத்தது? இளநி குடிச்சது ஆமி. போய்க் கழிக்கச் சொல்லுங்கோவன்."

மண்டபம் சிரித்தது. என்னாலும் அடக்க முடியவில்லை. சிரித்த கோபத்தில் மற்றதும் வந்துவிட்டது.

"பிள்ளையைப் புதைக்கேக்கை வேரைப் பாத்த மனுசன் நீங்கள்!"

 சம்மாட்டி கையைப் பார்த்தார். விரல் முழுக்க மீன் செதில் கீறிய காயம்.

"வேர் அறுந்தா மரம் சாஞ்சிடும், தங்கச்சி. மரம் சாஞ்சா எந்த இடமெண்டு பிறகு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

அன்று கிணற்றுக் கட்டில் நின்று அதைத்தான் நினைத்தாரா, ஐந்து வருடம் கழித்து இங்கே யோசித்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நம்பினேன். நம்பினவுடன் உடம்பு முழுக்கக் களைத்துப் போய்க் கதிரையில் இருந்தேன். வெறுப்பு இல்லாமல் அவரைப் பார்ப்பது எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை.

ஒரேத்தோவில் எங்களிடம் ஒரு சீட்டு ஓடியது. மாதம் ஒரு குடும்பம் சேர்ந்த காசை எடுக்கும். அந்த மாதம் ஏலக் கழிவில்லாமல் கோயில் எடுக்கட்டும் என்று தீர்மானித்தோம். அடுத்த மாதமும் கோயிலுக்கே. சீட்டில் ஒரு மொரீசியஸ் பெண்ணும் இருந்தாள். சைவ சமயம். தமிழ் அரைகுறை. எங்கள் கரையைப் படத்திலும் பார்த்ததில்லை. அவளுக்கு விளங்கப்படுத்த நேரமெடுத்தது. விளங்கியதும், தன் முறையையும் எடுங்கள் என்றாள்.

சம்மாட்டி முதல் பணத்தை மட்டும் கேட்டார். கொழும்பு முதலாளி சொன்ன விலையில் சரி பாதிகூட இல்லை. ஒரு நிபந்தனை.

"மரத்திலை இப்ப நிக்கிற காய் என்ரை. ஒரு பறிப்பு. அதுக்குப் பிறகு கோயிலின்ரை."

அதுதான் முறை. ஒற்றியை இடையில் மீட்டால், நிற்கிற காய் பிடித்தவருக்கு. யாருக்கும் மறுப்பில்லை. "ஓம், அது முறைதானே" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நியாயமாக முடிந்த ஒரு காரியம் என்று அன்று எல்லாருக்கும் நிம்மதி. தேநீர் ஊற்றிக் குடித்தோம்.

பாஸ்காப் பெருநாளுக்கு முந்திய கிழமை மீட்பு உறுதி எழுதியாயிற்று. இங்கே சம்மாட்டி அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். அங்கே அவர் பேரில் பிலோமினா அக்கா கையெழுத்து வைத்தார். சிஞ்ஞோராவிடம் சொன்னேன். மத்தியானமே மர்சாலா வைன் போத்தலைத் திறக்கச் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஈடு வைத்த பத்திரங்களைப் படித்தாராம். மீட்ட ஒருவரின் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவையாம். என் கையை விடவில்லை. கணவர் அன்று வீட்டில் பாடினார். அவருக்குப் பாட வராது.

சம்மாட்டி இரண்டு அறை வீடு பிடித்தார். துறைமுகத்துக்குக் கிட்ட. ஒரு கட்டில், ஒரு மேசை, மாதா படம். குவெஸ்தூராவில் பார்த்துச் சரி என்றார்கள். அக்காவின் கடதாசிகள் எல்லாம் சரி. பயணம் வைகாசியில். அதற்கு முதல் ஒரு பறிப்பு மட்டும் மிச்சம்.

சித்திரை. சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. பகல். தக்காளி உரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியை எடுத்தவர் சிஞ்ஞோரா. என்னிடம் நீட்டினார். சுவாமியார்.

"பிள்ளை, சம்மாட்டியாருக்குப் பக்கத்திலை இப்ப ஆரும் நிக்கினமோ?"

தோட்டத்துக்குள் மிதிவெடி. யார் தாட்டது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது என்றும் சொல்லவில்லை. காய் பறிக்கிறவன் வேலியோர மரத்தில் ஏறியிருக்கிறான். அவனுக்கு ஒன்றுமில்லை. விழுந்த காய் உள்பக்கம் உருண்டிருக்கிறது. அக்கா பொறுக்கப் போயிருக்கிறார். சுவாமியார் ஒரு சத்தம் என்றார். கோயிலுக்குள் நின்றாராம். மணி விழுந்தது என்று முதலில் நினைத்தாராம். மணிதான் முன்பே விழுந்துவிட்டதே என்று பிறகு ஞாபகம் வந்ததாம்.

சந்தைக்கு நடந்தேன். தூரமில்லை. வியாபாரிகள் விலையைப் பாட்டாகக் கத்துகிறார்கள். நிலம் ஈரம். சம்மாட்டி மீன் ரத்தம் பட்ட ஏப்ரனோடு நிற்கிறார். சூடை மீன். கத்தி. குடல் ஒரு வாளிக்குள். என்னைக் கண்டதும் சிரித்தார். நான் அவரைத் தேடிப் போனது அதுதான் முதல் தரம். சீட்டு விசயம் என்று நினைத்திருப்பார்.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் உயிர் இருக்கும் என்று அவர் நம்பத் தொடங்கிவிடுவார்.

கத்தியை வைக்கவில்லை. கேட்டார்.

"எந்த மரம்?"

"மேற்கு வேலிப் பக்கம், ரெண்டாவது வரிசையிலை, மூலையிலை."

"அது நல்லாக் காய்க்கிற மரம்" என்றார்.

இன்னும் இரண்டு மீன் வெட்டினார். மூன்றாவதை எடுத்தார். வெட்டத் தெரியவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கத்தியை வாங்கினேன். மீன் பெட்டியைக் கவிழ்த்து அவரை இருக்க வைத்தேன். பக்கத்தில் இருந்தேன். கடைக்காரன் என்ன ஏது என்று கத்தினான். "மோல்யே" என்றேன். மனைவி. வேறு சொல் வரவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு தராசை நிறுத்தினான். அந்த மனிதரை நான் அணைத்துப் பிடித்தேன். என் பிள்ளைக்கு அழாத அளவுக்கு அவர் மனைவிக்கு அழுதேன். எனக்குச் சீலை கிழித்துத் தந்த ஒரே பெண் அவர்தான். அவருக்கு யார் கிழித்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது தக்காளி மேசையில் அப்படியே. சிஞ்ஞோரா ஆக்ரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இனி உள்ளே யாரும் போக முடியாதா?"

முடியாது. இறால் முதலாளியும் போக முடியாது. ஆமியும் போகாது. என் கணவரும் போக முடியாது. காணி எங்களுடையது. நாங்கள் மீட்டது.

சிஞ்ஞோரா ஒரு தாளை எடுத்தார். என்னிடம் தரவில்லை. என்னைச் சொல்லச் சொன்னார். எல்லையும் கிணறும் பத்திரத்தில் எல்லாரும் எழுதுவார்கள், மற்றதைச் சொல் என்றார். அன்று சொல்ல முடியவில்லை.  இப்போது சொல்கிறேன். படிக்கிறவர்கள் மறக்கக்கூடாது.

கோயில் தென்னந்தோட்டம். வடக்கே கடற்கரை. கிழக்கே கோயில் சுவர், கூரை இல்லை, மணி இல்லை. தெற்கே ரோட்டு. மேற்கே வேலி, வேலிக்கு அப்பால் எரிந்த மீன் வாடி. கிணறு ஒன்று. கடன் ஒன்றும் இல்லை.

கிணற்றிலிருந்து வடக்கே மூன்றாம் மரத்தடியில் அனித்தா, என் மகள். அதே வரிசையில் ஐந்தாம் மரத்தடியில் சவிரியான் அப்புவும் அவர் பேத்தி றோசாவும், ஒரே குழி. கிணற்றுக்குத் தெற்கே, தொட்டியோரம், வலை பின்னுகிற யேசுதாசன். கோயில் சுவரோரம் மெற்றில்டா ரீச்சர். ரீச்சருக்குப் பக்கத்தில் ஒருவர், எங்கள் ஊர் இல்லை, தஞ்சம் என்று வந்தவர், பெயர் கேட்க நேரம் இருக்கவில்லை. மூன்று வள்ளம். அவை சம்மாட்டிக்குப் போனவை, என் சங்கிலியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிலோமினா அக்கா. அவரைத் தோட்டத்துக்குள் வைக்க முடியவில்லை. அந்த மண்ணில் மண்வெட்டி போட யாருக்கும் துணிவில்லை. வேலிக்கு வெளியே, ரோட்டோரம் புதைத்தார்கள். அந்தத் துண்டு யாருடைய காணி என்று இன்னும் தெரியவில்லை.